சிறைகாவலன் உண்ணும் சோறு

1773 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்து தேசத்துப் பெட்போட் நகரில் நீதிமன்று கூடியிருந்தது. சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராய் நீதிபதிமுன் நிறுத்தப்பட்டனர். சிலரைக் குற்றமற்றவர் என யூரிமார் தீர்த்தனர். வேறு சிலர்மீது வழக்கு நடத்துதற்கே ஆதாரம் போதாது என்பது முடிவாயிற்று. மற்றுஞ் சிலர்மீது குற்றஞ் சாட்டியவர்கள் மன்றுக்கு வரவேயில்லை. இம் மூவகையினரும் அன்றே தத்தம் வீடு நோக்கி நடந்திருத்தல் வேண்டும். ஆனால், அவர்கள் வீடு செல்லவில்லை. பல மாதம் அடைபட்டுக் கிடந்த அதே சிறைக்குள் மீண்டும் இழுத்துச் செல்லப்பட்டனர்.

காரணம் யாதெனின், அவர்கள் சிறைகாவலனுக்குக் கட்டணங் கொடுக்க வேண்டியிருந்தது. சிறைகாவலனுக்கு 15 ஷில்லிங் 4 பென்ஸ். திறவுகோல் பிடிக்கும் அவனுடைய ஏவலாளுக்கு 2 ஷில்லிங். அக்காலத்துக் கமத்தொழிலாளி ஒருவன் இரண்டு வாரத்துக்கு மேல் உழைத்துப் பெறுங் கூலி அது. பல மாதம் வேலையின்றிச் சிறையிற் கிடந்தவன் அத்தொகைக்கு எங்கே போவான்? நீதி அவனை விடுதலை செய்தது. கடன் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இக்காட்சியைக் கண்டு நெஞ்சு பொறாதவர் ஒருவர் அந்நீதிமன்றில் இருந்தார். அவர் பெயர் ஜோன் ஹவாட். அவர் அவ்வாண்டிலே பெட்போட் கவுண்டியின் ஷெரிப்பாக நியமிக்கப்பட்டிருந்தார். கவுண்டி என்பது இங்கிலாந்தின் பழைய ஆட்சிப் பிரிவு. ஷெரிப் என்பவர் அரசன் பெயரால் அங்கே நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றி வைப்பவர்; கவுண்டிச் சிறைக்கும் பொறுப்பானவர். முன்னாளில் இலங்கையிலே பிஸ்கால் என வழங்கிய உத்தியோகத்தரின் கடமைகள் சில இதனை ஒத்தன என்றால் நேயர்களுக்கு எளிதில் விளங்கும். ஷெரிப் பதவி பெரும்பாலும் ஒரு கௌரவமாகவே கருதப்பட்டது. பதவி வகித்த கனவான்கள் சிறைப்பக்கம் போவதில்லை. அவ்வேலையைத் தமக்குக் கீழுள்ளவரிடம் விட்டுவிடுவர். ஹவாட் தாமே போனார்.

பெட்போட் கவுண்டிச் சிறை தமிழருக்கு முற்றும் அந்நியமானதன்று. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைப் பலர் அறிவர். அதற்கு மூலமாய ஆங்கில நூலை எழுதிய ஜோன் பன்யன், 1660 தொடக்கம் பன்னிரண்டு ஆண்டு அக்கவுண்டிச் சிறையிலேதான் அடைபட்டுக் கிடந்தார். அங்கே நாடாக்களுக்கு முனைகட்டி விற்றுத் தம் மனைவி மக்களைக் காப்பாற்றினார். சிறைப்பட்டவன் தன் செலவைத் தானே தேடிக்கொள்ளவேண்டும் என்பதே அக்காலத்து முறை. நூறாண்டு கழித்து ஹவாட் நுழைந்தபோதும் அம்முறை மாறவில்லை.

சிறைகாவலன் ஏன் கட்டணங் கேட்டான்? அவன் பிறப்பிலே கொடியவன் என்பதனால் அன்று. அவனுக்குச் சம்பளம் இல்லை. கவுண்டி அவனுக்கு ஒரு காசுங் கொடுப்பதில்லை. கைதிகளிடம் பெறுங் கட்டணமே அவன் வருவாய். சிறை அவனுக்கு ஒரு கடைபோல இருந்தது. சிறைக்குள்ளே சாராய வகைகளை விற்றான். மெத்தைக்கு வாடகை வாங்கினான். காலில் விலங்கு பூட்டினான். விலங்கின் பாரத்தைக் குறைப்பதற்கும் பணம் பெற்றான். பணமுள்ளவன் ஓரளவு வசதியாய் இருந்தான். இல்லாதவன் ஈரத்தரையிற் பழைய வைக்கோலின்மேற் கிடந்தான். கைதி நெடுநாள் இருப்பது காவலனுக்கு ஆதாயம். அவன் குடிப்பதும் ஆதாயம். குற்றமற்றவன் எனத் தீர்ப்புப் பெற்றபின்னும் போகாதிருப்பது அதைவிட ஆதாயம். வேலியே பயிரை மேயும் என்பது பழமொழி. இங்கே மேய்வதைத் தவிர வேலிக்கு வேறு பிழைப்பே வைக்கப்படவில்லை.

ஹவாட் கவுண்டியின் நீதவான்களிடஞ் சென்றார். சிறைகாவலனுக்குச் சம்பளங் கொடுங்கள், கட்டணத்தை ஒழித்துவிடலாம் என்று கேட்டார். அவர்கள் மறுக்கவில்லை. ஆனால், வேறு எந்தக் கவுண்டியிலாவது அவ்வாறு சம்பளங் கொடுக்கும் வழக்கம் உண்டா, முன்மாதிரி காட்டுக என்றனர். சம்பளப் பணத்துக்கு மக்களிடம் வரி அறவிட வேண்டுமன்றோ? அதனாலே தயங்கினர்.

ஹவாட் அதனை ஒரு தட்டிக்கழிப்பாகக் கொள்ளவில்லை. மெய்யாகவே முன்மாதிரி தேடிப் புறப்பட்டார். குதிரையேறி அயற் கவுண்டிகளுக்குச் சென்று சிறைகளைப் பார்த்தார். சென்ற இடமெல்லாம் அதே அநீதியைக் கண்டார். தேடிய முன்மாதிரியைக் காணவில்லை. ஒரு கவுண்டியிற் கண்டது அடுத்த கவுண்டிக்குத் துரத்தியது. இவ்வாறு தொடங்கிய பயணம் அவர் ஆயுட்காலம் முழுவதும் நீண்டது. இங்கிலாந்து மாத்திரமன்றி ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நாற்பதாயிரம் மைலுக்கு மேல் அலைந்து சிறைகளைப் பார்வையிட்டார் என்பர்.

அவர் கண்டவற்றுட் சில இன்றுங் கேட்போரைத் திடுக்கிடச் செய்வன. ஈலி நகரத்துச் சிறை அங்குள்ள ஆயருக்குச் சொந்தமானது. அதன் சுவர்கள் வலுவிழந்தவை. சுவரைத் திருத்துவதற்குப் பணஞ் செலவாகும். ஆகவே, முன்னர் அங்கே கைதிகளைத் தரையில் மல்லாத்திச் சங்கிலியாற் பிணித்து, கழுத்தில் முள் பதித்த இரும்பு வளையம் மாட்டி வைத்திருந்தனர். சுவரிற் போடவேண்டிய இரும்பை மனிதர்மேற் போட்டனர். வேறொன்று பலகணி வரி. இங்கிலாந்தில் அந்நாளிற் கட்டடங்களின் பலகணிகளுக்கு வரி இருந்தது. சிறையின் பலகணிகளுக்கு அவ்வரியைச் சிறைகாவலனே செலுத்த வேண்டியிருந்தது. ஆதலால் அவன் பலகணிகளை அடைக்கத் தலைப்பட்டான். கைதிகளின் மூச்சுக்காற்றும் அவன் கணக்கிற் செலவாயிற்று.

காற்றும் நீரும் இல்லாத அவ்வறைகளிற் சிறைக்காய்ச்சல் என்னும் நோய் குடிகொண்டிருந்தது. அது பேன் மூலம் பரவும் ஒருவகைச் சன்னிக் காய்ச்சல் என்பது பிற்கால மருத்துவங் கண்ட உண்மை. தூக்கிலே மாண்டவரினும் இக்காய்ச்சலால் மாண்டவர் மிகப் பலர் என ஹவாட் கணித்தார். அது சிறைச் சுவருக்குள் அடங்கியிருக்கவும் இல்லை. 1750 இல் இலண்டன் பழைய பெய்லி நீதிமன்றுக்குக் கைதிகளோடு வந்த நோய், நீதிபதிகளையும் நகர மேயரையும் பலிகொண்டது. சிறையிலிருந்து மீளும்போது ஹவாட்டின் உடைகள் நாறின. மூடிய வண்டியில் அந்நாற்றத்தைச் சகித்தல் அரிதாகையாற் குதிரையிலே பயணஞ் செய்தார். அவருடைய குறிப்புப் புத்தகத்தையும் நெருப்பருகே காயவைத்த பின்னரே புரட்ட முடிந்தது.

ஹவாட்டுக்கு இவ்வளவு ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1755 இல் லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் அழிந்தது. அதன்பின் அங்கே செல்லக் கப்பலேறிய ஹவாட்டைப் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலொன்று சிறைப்பிடித்துப் பிரெஸ்ட் கோட்டைக்குக் கொண்டுபோயிற்று. உணவும் நீருமின்றி வருந்தி, வைக்கோலிற் படுத்து, சிறை என்பது யாதென அவர் தம் உடம்பாலே அறிந்தார். பதினேழு ஆண்டுகளின்பின் ஷெரிப்பாகிப் பெட்போட் சிறைக்குள் நுழைந்தவர், அந்த வைக்கோலை அறிந்தவர்.

1774 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாராளுமன்றம் அவரை அழைத்துச் சாட்சியங் கேட்டது. எத்தனை சிறை, எத்தனை கைதி, எவ்வளவு கட்டணம் என்று அவர் கணக்காய் எடுத்துரைத்தார். உறுப்பினர் ஒருவர், யார் செலவில் இவ்வாறு பயணஞ் செய்தீர் என்று வினவினார். தம் சொந்தப் பணத்திற் செய்தவர்க்கு அவ்வினா நெஞ்சிலே தைத்தது. எனினும் அச்சபை அவருக்கு நன்றி கூறிற்று. அவ்வாண்டிலேயே இரண்டு சட்டங்கள் நிறைவேறின. குற்றமற்றவரெனக் கண்டவர்களைத் திறந்த நீதிமன்றிலேயே கட்டணமின்றி விடுதலை செய்யவேண்டும், காவலனுக்குரிய தொகையைக் கவுண்டி தன் வரிப்பணத்திற் கொடுக்கவேண்டும் என்றது ஒரு சட்டம். சிறைச் சுவர்களை வெள்ளையடித்தல், அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் அமைத்தல், நோயாளருக்கு வேறிடம் ஒதுக்கல் ஆகியவற்றை மற்றைச் சட்டம் விதித்தது. இச்சட்டங்களைத் தம் செலவில் அச்சடிப்பித்து ஒவ்வொரு சிறைகாவலனுக்கும் ஹவாட் அனுப்பிவைத்தார். சட்டம் இயற்றுவது வேறு, அது காவலன் கண்ணிற் படுவது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1777 இல் வெளிவந்த அவர் நூல், இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலையைச் சிறைசிறையாக எடுத்துக் கூறுவது. அதில் ஆவேச உரை குறைவு, கணக்கே மிகுதி. கைதிகளின் தொகை, காவலன் பெறுங் கட்டணம், கைதிக்குரிய உணவு ஆகியன நிரையாக வரும். சிறந்த சிறைக்கு முதலில் வேண்டுவது சிறந்த காவலன் என்பது அவர் முடிவு. நேர்மை, சுறுசுறுப்பு, இரக்கம் மூன்றும் உடையவனைத் தேர்ந்தெடுத்து, அவனுக்குத் தக்க சம்பளங் கொடுத்து, அவன் சாராயம் விற்பதைத் தடுத்து, அவனை அடிக்கடி பார்வையிட வேண்டும் என்றார். முதலில் ஆளைத் தேர்தல், அடுத்துச் சம்பளம், அதன்பின் மேற்பார்வை. மூன்றில் ஒன்று குறையினும் மற்றவை பயனில்லை.

ஹவாட் 1790 சனவரியில், இன்று உக்ரேன் நாட்டிலுள்ள கேர்சன் நகரருகே காய்ச்சலால் இறந்தார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் முதன்முதல் வைக்கப்பட்ட நினைவுச் சிலை அவருடையது. ஆயினும் அவர் எண்ணியது முழுவதும் நிறைவேறக் காலஞ் சென்றது. சிறைக் கட்டணங்கள் 1815 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. காவலர்க்குச் சம்பளம், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர் என்பன 1823 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் பெற்றன. 1877 இல் இயற்றிய சட்டத்தால் இங்கிலாந்தின் உள்ளூர்ச் சிறைகள் யாவும் மத்திய அரசின் கீழ் வந்தன. பெட்போட்டில் எழுந்த சிறு வினா ஒரு தேசத்தின் ஏற்பாடாக முடிய ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இங்கிலாந்தில் இவ்வாறு மறைந்த கவுண்டிச் சிறை, கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்கின்றது. ஆங்கிலேயர் குடியேறியபோது ஷெரிப் பதவியையும் உடன் கொண்டுசென்றனர். இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிப்பை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். அவரே பெரும்பாலும் கவுண்டிச் சிறையை நடத்துகின்றார். நெடுங்காலத் தண்டனை பெற்றவரை அடைக்கும் மாநிலச் சிறை வேறு. கவுண்டிச் சிறை வேறு. பின்னது முக்கியமாக விளக்கமறியற்காரருக்கும் குறுகிய தண்டனை பெற்றவருக்கும் உரியது. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டின் உள்ளூர்ச் சிறைகளில் ஏறக்குறைய 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் இருந்தனர். அவர்களுட் பத்துக்கு ஏழு பேர் தீர்ப்புப் பெறாதவர்கள். அவ்வோராண்டில் மாத்திரம் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை அச்சிறைகளின் கதவு புதியவரை உள்ளே ஏற்றது. பலர் சில நாள் தங்கிச் செல்வர். பிணைப் பணங் கட்ட இயலாதவர் மாதக்கணக்கில் இருப்பர்.

ஹவாட்டின் வினா அங்கேயும் எழுந்தது. அலபாமா மாநிலத்திலே கைதி ஒருவனின் உணவுக்கு நாளொன்றுக்கு 1 டாலர் 75 சதம் வீதம் மாநில அரசு ஷெரிப்புக்குக் கொடுத்துவந்தது. செலவுபோக மிஞ்சியதை அவர் தமக்கே வைத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டமொன்றுக்குப் பொருள் கொள்ளப்பட்டது. செலவு மிஞ்சினால் தம் கைப்பணத்தைப் போடவேண்டியவரும் அவரே. இதனால் விளைந்தது யாது? 2009 இல் ஒரு கவுண்டியின் ஷெரிப் மூன்று ஆண்டில் 2 இலட்சத்து 12 ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்தமை நீதிமன்றில் வெளியாயிற்று. கைதிகள் உடல் மெலிந்திருந்தனர். மலிவாய்க் கிடைத்த ஒரே பொரித்த பண்டத்தை வாரக்கணக்காக இருவேளையும் உண்டதாகச் சாட்சியஞ் சொன்னார்கள். நீதிபதி அந்த ஷெரிப்பையே ஓரிரவு சிறையில் வைத்தார். மிச்சப் பணத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை 2019 ஆம் ஆண்டிலேதான் அம்மாநிலச் சட்டசபை சட்டத்தால் நிறுத்தியது. ஹவாட் பாராளுமன்றிற் சாட்சியஞ் சொல்லி அப்போது 245 ஆண்டு சென்றுவிட்டது.

தொலைபேசியுங் கட்டணத்துக்கு ஒரு வாயிலாயிற்று. பல கவுண்டிகளிற் கைதிகள் வீட்டோடு பேசும் அழைப்புக்குக் கம்பெனிகள் பெருந்தொகை அறவிட்டு, அதிலொரு பங்கைச் சிறை நடத்துபவருக்குக் கொடுத்து வந்தன. சிறையிலிருந்த தம் பேரனோடு பேசுவதற்கான கட்டணம் தாங்க முடியாததென்று மார்த்தா றைற் என்னும் பாட்டியார் வழக்காடத் தொடங்கினார். அவர் காலமான பின், 2023 சனவரியில், அழைப்புக் கட்டணங்களைக் கட்டுப்படுத்த மத்திய ஆணைக்குழுவுக்கு அதிகாரம் வழங்குஞ் சட்டம் ஒன்று அவர் பெயரையும் தாங்கி நடைமுறைக்கு வந்தது.

காவலனுக்குச் சம்பளங் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. கைதியின் பணத்திலிருந்து அவன் கண்ணைத் திருப்புவதற்கே சம்பளம். திருப்பிய கண் எதனைப் பார்க்கவேண்டும் என்பதே இக்காலத்துச் சிறைகாவலர் கற்கும் பாடம்.

புதியவன் ஒருவன் கவுண்டிச் சிறைக்கு வருகின்றான். அவன் குடிவெறியிலோ போதைப்பொருள் மயக்கத்திலோ இருக்கலாம். உளநோய் உடையவனாய் இருக்கலாம். நேற்றுவரை மதிப்போடு வாழ்ந்து, இன்று வெட்கத்தாற் குன்றியவனாயும் இருக்கலாம். அவன் பொருள்களை எண்ணிப் பதிவது மாத்திரம் காவலர் வேலையன்று. என்ன நோய், என்ன மருந்து, உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்டு, விடையோடு முகத்தையும் பார்க்கவேண்டும். இத்தகைய சிறைகளில் நேரும் மரணங்களுக்குத் தற்கொலை முதன்மையான காரணங்களுள் ஒன்று. சிறைப்பட்ட முதற் சில நாட்களே ஆபத்து மிக்கவை. ஆகையினாலே குறித்த நேரத்துக்கு ஒருமுறை அறையறையாகச் சுற்றிவந்து, படுத்திருப்பவன் மூச்சு விடுகின்றானா என்று நின்று பார்த்தல் காவலர் கடமை. பாராமலே பதிவேட்டிற் பார்த்ததாக ஒப்பமிடுதல் எளிது. அவ்வோர் ஒப்பத்தில் ஓர் உயிர் போய்விடக் கூடும்.

காவலர் எங்கே நிற்கவேண்டும் என்பதிலும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. கலிபோர்ணியா மாநிலத்துக் கொன்ட்ரா கொஸ்டா கவுண்டியில், மாட்டினெஸ் நகரிலே 1981 இற் புதிய சிறையொன்று திறக்கப்பட்டது. பழைய சிறைகளிற் காவலர் கம்பிக்கு வெளியே நடைபாதையில் நடந்து எட்டிப் பார்ப்பர். அவர் போனபின் உள்ளே வலியவன் வைத்ததே சட்டம். மாட்டினெசில் காவலர் கம்பிக்கு உள்ளே, கைதிகள் உண்டு உலாவும் மண்டபத்திலேயே அமர்ந்தார். ஒவ்வொருவர் பெயரையும் அறிந்தார். சச்சரவு முளைவிடும்போதே பேசித் தணித்தார். அவருடைய முதற் கருவி குரலாயிற்று. அம்முறை பின்னர் வேறு பல கவுண்டிகளுக்கும் பரவியது.

ஆனால், இவ்வாறு வேலை செய்வதற்குப் போதிய காவலர் வேண்டும். ஆள் பற்றாமல் ஒருவர் இருவர் வேலையைச் செய்வதும், பன்னிரண்டு மணிநேரம் நின்றவர் வீடு செல்லாமல் அடுத்த முறைக்கும் நிறுத்தப்படுவதும் அமெரிக்கக் கவுண்டிச் சிறைகள் பலவற்றில் நெடுங்காலக் குறைபாடு. கண்ணயர்ந்தவர் எப்படி மற்றவர் மூச்சைக் கவனிப்பார்? சினத்தை அடக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? வாக்காளரோ பாடசாலைக்கும் பாதைக்கும் வரி கேட்டால் ஓரளவு இசைவர், சிறைக்கென்றால் முகங்கோணுவர். குற்றவாளிக்கு ஏன் நம் பணம் என்பர். அங்கே இருப்பவருட் பெரும்பாலோர் குற்றவாளி எனத் தீர்க்கப்படாதவர் என்பதும், காவலர் மாலையில் தங்கள் தெருவுக்கே திரும்பிவரும் அயலவர் என்பதும் அவர்கள் நினைவில் நிற்பதில்லை. வரி கொடுக்கத் தயங்கிய பெட்போட் நீதவான்களின் பேச்சும் அதுவே.

சிறை நடத்துவதற்கு ஆகுஞ் செலவை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். ஊரார் பொதுப்பணத்திற் கொடுக்கலாம். கொடாவிட்டால், கைதியின் தட்டிலிருந்தும், அவன் தாயின் கைப்பையிலிருந்தும், காவலரின் உறக்கத்திலிருந்தும் அது எடுக்கப்படும். அப்படி எடுக்கப்படுவது வெளியே தெரியாது. அது தெரியவேண்டுமென்றே ஹவாட் ஒவ்வொரு சிறையின் கணக்கையும் எழுதி வைத்தார்.

அவருடைய காலத்துக்குப்பின் விலங்குகள் மாறின, சுவர்கள் மாறின, காய்ச்சலுக்கு மருந்துங் கண்டாயிற்று. ஆயினும் ஒரு சிறையைப் பார்வையிடச் செல்பவர், அது எந்நாட்டுச் சிறையாயினும், அதன் பூட்டையும் மதிலையும் பார்ப்பதற்கு முன்னே அவர் கேட்ட வினாவைக் கேட்கலாம். இங்கே திறவுகோல் வைத்திருப்பவர் யார் கொடுக்குஞ் சோற்றை உண்கின்றார்? அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைக்கொண்டு உள்ளே இருப்பவர் நிலையைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.